மின்மடலுக்கு ஒரு சொல்லடைவு

சொந்த ஊரை விட்டு வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி இருக்கும். முன்னாளில் அது தகரப் பெட்டி. ஊரிலிருந்து வந்த கடிதங்கள், பள்ளிச் சான்றிதழ், நிலவரி ரசீது, திருமண அழைப்பிதழ் ஆகியன அதனுள் அடுக்கப்பட்டிருக்கும். வீடு மாறும்போதெல்லாம் அப்பெட்டியும் உடன்வரும். இன்று அதன் இடத்தைக் கணினியிலுள்ள மின்னஞ்சற் கோப்பு பிடித்துக்கொண்டது. தகரப் பெட்டியில் ஒரு காகிதம் வேண்டுமாயின், அனைத்தையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். இருபதாயிரம் மடல்கள் கொண்ட கோப்பை அவ்வாறு பரப்ப இயலாது. தேடித் தருமாறு கணினியையே ஏவ வேண்டியிருக்கிறது. அதுவோ, சில வேளைகளில், உள்ள மடலையே இல்லை என்று கூறிவிடுகிறது. அவ்வாறு கூறுவது ஏன், அதனைச் சீர்செய்வது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

என் சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். யான் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவன். திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறேன். என் தந்தையார் ஓய்வுபெற்ற பின்னர்க் கணினி பழகி, ஞாயிறுதோறும் எனக்குத் தமிழில் மின்னஞ்சல் எழுதிவந்தார். அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆயின. அண்மையில் ஊரில் எங்கள் வயற்கிணற்றுக்குச் செல்லும் பாதையைப் பற்றி என் தம்பிக்கும் சித்தப்பாவின் மகனுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. பேச்சு முற்றி, வழக்கறிஞரைப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. அப்பொழுது என் அன்னை தொலைபேசியில், "அப்பா இதையெல்லாம் விளக்கமா உனக்கு எழுதியிருக்காங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன். தேடிப் பாருப்பா" என்றார்.

தேடினேன். "கிணற்றுப் பாதை" என்று எழுதித் தேடியதற்கு, ஒன்றும் இல்லை என்று விடை வந்தது. தந்தையாரின் பெயரை இட்டேன்; அப்பொழுதும் அவ்விடையே. அன்னையின் நினைவு பிழையோ என்று ஒரு கணம் ஐயுற்றேன். பிழை அவரிடம் இல்லை. கணினியின் விடையை யான் விளங்கிக்கொண்ட விதத்தில்தான் பிழை இருந்தது.

கணினி எவ்வாறு தேடுகிறது என்பதை அறிந்தால் இது தெளிவாகும். நாம் ஒரு சொல்லைக் கொடுத்தவுடன் அது மடல்களையெல்லாம் புரட்டிப் பார்க்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அது புரட்டுவது, முன்னரே தயாரித்து வைத்துள்ள ஒரு சொல்லடைவை.

சொல்லடைவு என்றால் யாது என்பதற்கு எடுத்துக்காட்டு தேடி யான் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இதே திருவனந்தபுரத்தில், 1962-ஆம் ஆண்டு, கேரளப் பல்கலைக்கழகம் புறநானூற்றுக்கு ஒரு சொல்லடைவை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம், பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கியவர். புறநானூற்றில் 'யானை' என்னும் சொல் எங்கெங்கு வருகிறது என்று ஒருவர் அறிய விரும்பினால், நானூறு பாடல்களையும் படிக்கத் தேவையில்லை. சொல்லடைவில் அச்சொல்லுக்குரிய இடத்தைத் திறந்தால், அது பயிலும் இடங்கள் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒருவர் ஒருமுறை பட்ட பாடு, பின்வரும் ஆயிரம் பேருக்கு உழைப்பை மிச்சப்படுத்துகிறது.

கணினியும் இதனையே செய்கிறது. நாம் வேறு அலுவலில் இருக்கும்பொழுது, பின்னணியில் ஒரு நிரல் மடல்களை ஒவ்வொன்றாகப் படித்து, சொற்களைப் பிரித்து, இன்ன சொல் இன்ன மடலில் உள்ளது என்று பதிந்துகொண்டே செல்கிறது. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, சொல்லடைவு செய்தவர் படிக்காத நூல் அதில் இடம்பெறாது. மற்றொன்று, படித்த நூலேயாயினும், வேறு தலைப்பின்கீழ்ப் பதிந்திருப்பின் நாம் தேடும் இடத்தில் அச்சொல் கிட்டாது. ஆகவே, இல்லை என்று கணினி கூறுமாயின், அம்மடல் உலகில் இல்லை என்பது பொருளன்று. தன் சொல்லடைவில் அவ்விடத்தில் அது இல்லை என்பதே பொருள்.

முதலில், படிக்காத கோப்பைப் படிக்கச் செய்வதைப் பார்ப்போம்.

விண்டோஸ் கணினியில், கிளாசிக் அவுட்லுக் எனப்படும் பழைய அவுட்லுக்கை வைத்திருப்போர் பலர். அதன் மடல்கள் பி.எஸ்.டி. என்னும் ஈறு கொண்ட ஒரே பெருங்கோப்பினுள் அடங்கியிருக்கும். இக்கோப்பைப் பழைய கணினியிலிருந்து புதியதற்குப் பிரதி செய்து, ஏதேனும் ஒரு கோப்புறையில் போட்டுவைத்தால் மட்டும் போதாது. அவுட்லுக்கினுள் அதனைத் திறந்து இணைத்தாலன்றி, உள்ளிருக்கும் மடல்கள் சொல்லடைவில் ஏறா. யான் செய்த முதற்பிழை இதுவே. தந்தையாரின் மடல்கள் கொண்ட கோப்பைப் பத்திரமாகப் பிரதி செய்திருந்தேன். மடல் நிரலுடன் இணைக்கவில்லை. பூட்டிய அலமாரியைப் போல அது இருந்தது. அதனுள் இருந்த நூலைச் சொல்லடைவு செய்பவர் எவ்வாறு படிப்பார்?

கோப்பை இணைத்த பின்னர், விண்டோஸின் தொடக்கப் பட்டியலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்று எழுதித் திறக்க வேண்டும். எவ்வெவ் இடங்கள் படிக்கப்படுகின்றன என்னும் பட்டியல் அங்கே காணப்படும். அதில் அவுட்லுக்கின் பெயர் இல்லையாயின், 'மாடிஃபை' என்னும் பொத்தானை அழுத்தி, அதற்கு நேரே உள்ள கட்டத்தில் குறியிட வேண்டும். மடல்களைத் தனித்தனிக் கோப்புகளாகச் சேமிக்கும் வழக்கமுடையோர் மேலும் ஒன்று செய்தல் நலம். 'அட்வான்ஸ்டு' என்பதை அழுத்தி, 'ஃபைல் டைப்ஸ்' என்னும் பக்கத்தில் ஈ.எம்.எல்., எம்.எஸ்.ஜி. ஆகிய ஈறுகளைத் தேடி, கோப்பின் பண்புகளோடு உள்ளடக்கமும் படிக்கப்பட வேண்டும் என்பதைத் தெரிவு செய்க. பண்புகள் மட்டும் என்று இருப்பின், நூலின் அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே படிக்காமல் விட்டது போலாகும்.

உள்ளடக்கத்தைப் படிப்பதற்குத் தனி உதவி தேவைப்படுவது ஏன் எனின், மின்னஞ்சல் தோன்றிய காலத்தில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே அதில் செல்லக்கூடியனவாய் இருந்தன. பிறமொழி எழுத்துகளையும் இணைப்புகளையும் அனுப்புவதற்கு 1992-ஆம் ஆண்டில் 'மைம்' என்னும் நெறி வகுக்கப்பட்டது. அதன்படி நம் தமிழ் மடல் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு மறைவடிவில் பொதியப்பட்டே பயணம் செய்கிறது. அப்பொதியை அவிழ்த்துப் படிக்கத் தெரிந்த வடிகட்டி நிரல் இருந்தால்தான் சொல்லடைவில் தமிழ்ச் சொல் ஏறும்.

பின்னர்ப் பொறுமை வேண்டும். நாம் கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்பொழுது இந்நிரல் ஒதுங்கி மெல்லச் செல்லும். ஆகையால் கணினியையும் அவுட்லுக்கையும் திறந்தபடியே இரவு முழுவதும் விட்டுவைப்பது நன்று. அவுட்லுக்கின் தேடற் பகுதியில் உள்ள 'இண்டெக்ஸிங் ஸ்டேட்டஸ்' என்பதை அழுத்தினால், இன்னும் எத்தனை மடல்கள் எஞ்சியுள்ளன என்று தெரியும். எஞ்சியவை சுழியம் என்று ஆகும்வரை, இல்லை என்னும் விடையை நம்பற்க. நாட்கள் பல கடந்தும் எண்ணிக்கை குறையாமல் நிற்குமாயின், 'அட்வான்ஸ்டு' பக்கத்திலுள்ள 'ரீபில்டு' என்பதை அழுத்திச் சொல்லடைவை அடியிலிருந்து மீண்டும் கட்டலாம். இதனால் மடல்களுக்கு ஊறு நேராது. ஆயினும் முழுப் பணியும் மீண்டும் நடைபெற வேண்டியிருப்பதால், இதனை இறுதி மருந்தாகவே கொள்ளுதல் வேண்டும்.

அலுவலகக் கணக்குகளைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் நோக்க வேண்டும். எவ்வளவு காலத்து மடல்களைக் கணினியில் வைத்துக்கொள்வது என்னும் அமைப்பு ஓராண்டு என்று இருப்பின், அதற்கு முற்பட்ட மடல்கள் நம் கணினியிலேயே இரா; சேவையகத்தில்தான் இருக்கும். நம் கணினியின் சொல்லடைவு அவற்றை அறியாது. புதிய அவுட்லுக்கோ பெரும்பாலும் சேவையகத்திலேயே தேடுவது. ஆகவே மேற்கூறிய அமைப்புகள் பழைய வடிவுக்கே உரியன என்க.

தண்டர்பேர்டு என்னும் கட்டற்ற நிரலைப் பயன்படுத்துவோருக்கு முறை சிறிது வேறு. அது தன் சொல்லடைவைத் தானே செய்துகொள்கிறது. அமைப்புகளில் பொதுப் பகுதியில் 'குளோபல் சர்ச்' என்பதற்கு நேரே குறி இருக்கிறதா என்று பார்க்க. கணக்கின் அமைப்பில், மடல்களை இக்கணினியில் வைத்துக்கொள்க என்னும் கட்டளையும் இருத்தல் வேண்டும். தேடல் பழுதுபட்டால், தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் பயனர் கோப்புறையிலுள்ள 'குளோபல்-மெசேஜஸ்-டிபி' என்னும் கோப்பை மட்டும் நீக்கி மீண்டும் திறந்தால், சொல்லடைவு புதிதாகக் கட்டப்படும். அருகிலுள்ள வேறு எக்கோப்பையும் தொடற்க. மடல்கள் அங்கேதான் இருக்கின்றன.

கேரள அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி லினக்ஸ் வழியே நடைபெறுவதால், இங்கு வாழும் நம்மவர் வீடுகளிலும் லினக்ஸ் கணினிகள் உண்டு. அவற்றில் 'ரீகால்' என்னும் நிரல் பெரிதும் உதவும். ஒரு கோப்புறையின் மடல்கள் யாவும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருந்தாலும், அவற்றைத் தனித்தனியே பிரித்துப் படிக்க அது வல்லது, இணைப்புகளையும் படிக்கும். ஆனால் தண்டர்பேர்டின் மடல்கள் லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைகோப்புறையில் வைக்கப்படுவது வழக்கம். ரீகாலின் அமைப்பில் அத்தகைய பெயர்கள் விலக்கப்பட்டிருந்தால், அக்கோப்புறையைப் படிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் நாமே சேர்த்துவிட வேண்டும்.

இனி இரண்டாவது உண்மைக்கு வருவோம். கோப்பை இணைத்து, ஓரிரவு காத்திருந்து, மறுநாள் காலையில் மீண்டும் "கிணற்றுப் பாதை" என்று தேடினேன். தந்தையாரின் பெயருக்கு இப்பொழுது நூற்றுக்கணக்கான மடல்கள் வந்தன. கிணற்றுக்கு ஒன்றும் வரவில்லை. மடல்களைத் திறந்து பார்த்தபொழுது காரணம் விளங்கிற்று. தமிழ் எழுத்துகளுக்கு மாறாக, பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே நிறைந்திருந்தன. அவர் எழுதியது பழைய எழுத்துருவில்.

கணினித் தமிழின் வரலாற்றில் இஃது ஒரு துயரமான பகுதி. ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டிருந்தது. எனினும் அது பரவுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கிடையே திஸ்கி, 1999-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் எனப் பல குறியீடுகள் வழங்கின. தனி எழுத்துருக்களோ இன்னும் பல. 2010-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. பழைய குறியீட்டில் எழுதிய மடல், உரிய எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகக் காட்சியளிக்கும். ஆனால் கணினியின் உள்ளத்தில் அது தமிழன்று. அதன் சொற்கள் சொல்லடைவில் வேறு எழுத்துகளின்கீழ்ப் பதிந்திருக்கும். நாம் ஒருங்குறியில் தேடினால் கிட்டுமோ?

இவ்விடத்தில் எனக்கு உதவியவை எண்கள். 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் பெரும்பாலான பழைய குறியீடுகளிலும் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. அன்னையிடம் நிலவரி ரசீதை எடுத்துப் புல எண்ணைப் படிக்கச் சொன்னேன். 312 என்றார். அவ்வெண்ணை இட்டுத் தேடினேன். மூன்று மடல்கள் வந்தன. அவற்றுள் ஒன்று யான் தேடிய மடல். பழைய மடல்களில் தமிழ்ச் சொல் கிட்டாதபொழுது, நேயர்கள் இவ்வழியை நினைவிற் கொள்க. புல எண், பத்திர எண், தொகை, ஆண்டு, அனுப்பியவரின் முகவரி, தேதி எல்லை ஆகியன பெரிதும் கைகொடுக்கும். மடலைக் கண்டபின் குறியீட்டு மாற்றி நிரல் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிச் சேமிக்கலாம். குடும்பச் செய்திகள் அடங்கிய மடல்களை முன்பின் அறியாத இணையத்தளத்தில் ஒட்டுவதைக் காட்டிலும், நம் கணினியிலேயே இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துதல் பாதுகாப்பானது.

ஒருங்குறியில் எழுதிய மடலிலும் தமிழுக்கே உரிய தடை ஒன்றுண்டு. நம் சொற்கள் வேற்றுமை ஏற்கும்பொழுது உருமாறுகின்றன. கிணறு என்பது கிணற்றை, கிணற்றுக்கு என்றாகிறது; நிலம் என்பது நிலத்தில் என்றாகிறது. சொல்லடைவு செய்யும் அறிஞர் இவற்றையெல்லாம் ஒரு சொல்லின் வடிவங்கள் என்று அறிவார். கணினி பெரும்பாலும் அறிவதில்லை. ஆதலின் முழுச்சொல்லை விடுத்து, மாறாத முற்பகுதியை மட்டும் இடுக. 'கிணற' என்று இட்டால் கிணறும் அகப்படும், கிணற்றுக்கு என்பதும் அகப்படும். 'நில' என்று இட்டால் நிலமும் நிலத்தையும் அகப்படும். சில நிரல்கள் முற்பகுதியின் பின் ஒரு விண்மீன் குறியை எதிர்பார்க்கும். இரு வகையிலும் சோதித்துப் பார்ப்பது நன்று. சேர்த்து எழுதிய சொல்லின் நடுப்பகுதி மட்டும் எளிதில் அகப்படாது. 'கிணற்றுப்பாதை' என்று அவர் சேர்த்து எழுதியிருப்பின், 'பாதை' என்று தேடுவது வீண்.

நிழற்படமாக எடுத்து இணைத்த பத்திரங்களில் எழுத்து நம் கண்ணுக்குத் தெரிகிறது. கணினிக்கு அது வெறும் படம். படத்திலுள்ள எழுத்தை அறியும் நிரல் கொண்டு மாற்றினாலன்றி அதன் சொற்கள் சொல்லடைவில் ஏறா. அத்தகைய இணைப்பை அனுப்பும்பொழுது மடலின் தலைப்பிலேயே பத்திரத்தின் பெயர், எண், ஆண்டு ஆகியவற்றை எழுதிவிடுவது எளிய வழி. ஒரு நிமிட வேலை. பத்தாண்டு கழித்துப் பயன் தரும்.

இறுதியாக இரண்டு எச்சரிக்கைகள். சொல்லடைவு என்பது மடல்களிலுள்ள சொற்களின் மற்றொரு பதிவு. பலர் கையாளும் கணினியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு இருத்தல் வேண்டும். கணினியை விற்கும் முன்னர் வட்டை முற்றிலும் துடைத்துவிடுக. அலுவலக மடல்களைச் சொந்தக் கணினிக்குக் கொண்டுவருவது தத்தம் அலுவலக விதிகளுக்கு உட்பட்டே அமைய வேண்டும். மேலும், சொல்லடைவு காப்புப்படி ஆகாது. மூலநூல் எரிந்துபோனால், அதன் சொல்லடைவை வைத்துக்கொண்டு யாது செய்ய இயலும்? மடல் நிரலை மூடிவிட்டு, மடற்கோப்பை வேறொரு வட்டிலும் அவ்வப்பொழுது பிரதி செய்துவைப்பது இன்றியமையாதது.

யான் கண்டெடுத்த மடலில், தந்தையாரும் சித்தப்பாவும் பாதையை இருவர்க்கும் பொதுவாக வைத்துக்கொண்ட வரலாறும், அதற்கெனப் பதிவு செய்த பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் தெளிவாக இருந்தன. அதனை ஒருங்குறிக்கு மாற்றித் தம்பிக்கும் சித்தப்பாவின் மகனுக்கும் ஒருசேர அனுப்பினேன். இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் பெற்று ஒப்புநோக்கினர். வழக்கறிஞரிடம் செல்லும் பேச்சு அத்துடன் நின்றது. மற்ற மடல்களையும் இப்பொழுது ஞாயிறுதோறும் சில சிலவாக மாற்றி வருகிறேன். மாற்றிய மடலை அன்றே அன்னைக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுகிறேன்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் பழைய கணினியில் இத்தகைய கோப்பு ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். அவசரம் நேரும் நாளுக்காகக் காத்திராமல், ஓய்வான ஒரு நாளில் அதனை இணைத்து, சொல்லடைவு செய்ய விட்டு, நீங்கள் உறுதியாக அறிந்த ஒரு மடலைத் தேடிப் பாருங்கள். அது கிட்டுமாயின், பிறவற்றையும் நம்பித் தேடலாம். கிட்டாதாயின், மடல் தொலைந்தது என்று முடிவு செய்யாதீர்கள். கணினி அதனை இன்னும் படிக்கவில்லை என்று கொண்டு, படிக்கச் செய்யும் வழியைத் தேடுங்கள்.